கம்பளிப் புழுவின் ஜீவிய சரித்திரமும் கிராமப் பிள்ளைகளும்

ஆனி மாதத்து மழையில் புன்செய்க் கொல்லைகள் நனைந்து, நிலக்கடலை முளைத்துத் தழைக்கத் தொடங்கியிருக்கும் தருணம். தாத்தாவுடன் கொல்லைக்குச் செல்லும் சிறுவன் ஒருவன், வரப்போரத்துச் செடிகளில் மயிரடர்ந்த செந்நிறப் புழுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டு திகைத்து நிற்கிறான்.

“தாத்தா, போன வாரம் வந்தபோது ஒரு புழுவையும் காணோமே, இவ்வளவும் எங்கிருந்து வந்தன?”

“மழையோடு வந்ததுதான், அப்பா. வானத்திலிருந்து இறங்கியதற்கு யார் என்ன செய்ய முடியும்?”

நிலக்கடலையை மானாவாரியாகப் பயிரிடும் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் முதலிய ஜில்லாக்களில் இத்தகைய பேச்சு புதிதன்று. பெரியவர் கூறிய விடையில் பாதி உண்மையும் உண்டு. மழைக்கும் இப்புழுவுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருப்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் கண்டிருக்கிறார். அதில் அவர் ஏமாறவில்லை. வந்த திசையில்தான் பிழை. புழு மேலிருந்து இறங்கியதன்று. அவருடைய கொல்லையின் மண்ணுக்குள்ளேயே ஒன்பது பத்து மாதங்கள் கிடந்து எழுந்தது. அப்பிழையைத் தொடர்ந்து வரும் கேள்வியே பெரு நஷ்டத்துக்குக் காரணமாகிறது. வானத்திலிருந்து வந்ததாயின் செய்வதற்கு ஒன்றுமில்லை. மண்ணிலிருந்து வந்ததாயின் செய்ய வேண்டுவன பல உண்டு.

சிவப்புக் கம்பளிப் புழு என்று வழங்கும் இப்பூச்சியின் ஜீவிய சரித்திரம் சாஸ்திரிகளுக்கு நெடுநாளாகத் தெரிந்ததே. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பிளெட்சர் துரை எழுதிய பெருநூல் 1914-ஆம் ஆண்டிலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயர் எழுதிய கைந்நூல் 1940-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த ஞானம் பல ஊர்களில் திண்ணை வரையில் வந்து சேரவில்லை. பெரியவர்களிடம் சொல்லிப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காணச் செய்வது விரைவான வழியென்று தோன்றுகிறது. பிள்ளை கண்டது அன்று மாலையே வீட்டில் பேச்சாகிவிடும்.

முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். நிலம் ஊறும்படி மழை பெய்த இரண்டு மூன்று நாட்களில், பொழுது சாய்ந்தபின், மண்ணைத் துளைத்துக்கொண்டு விட்டில்கள் வெளிப்படுகின்றன. முன்னிறகு வெண்மையாய்ப் பழுப்புக் கோடுகளுடனும், அதன் முன்னோரம் மஞ்சள் வரையுடனும் இருக்கும். பின்னிறகு வெண்மையில் கரும்புள்ளிகள் கொண்டது. பெண் விட்டில் ஒன்று 600 முதல் 700 வரை முட்டைகளை இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறக் கூட்டங்களாக இடுகிறது. முட்டைகள் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் உடனே பிரிந்து செல்வதில்லை. பிறந்த இலையிலேயே கூட்டமாக இருந்து அடிப்பச்சையைச் சுரண்டித் தின்னும். அவ்விலை மெல்லிய காகிதம் போல் வெளுத்துத் தோன்றும். வளர வளரப் பிரிந்து, இலை முழுவதையும் தின்று, ஒரு கொல்லையை மொட்டையாக்கியபின் கூட்டங்கூட்டமாக அடுத்த கொல்லைக்கு நடந்து செல்லும். புழுப்பருவம் 40 முதல் 50 நாள். முழு வளர்ச்சியில் அது ஏறக்குறைய இரண்டு அங்குல நீளமிருக்கும். பிறகு வரப்போரங்களிலும் மரநிழலிலும் 4 முதல் 8 அங்குல ஆழத்தில் மண்ணறை ஒன்று அமைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். அந்நிலையில் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் சித்திரை வெயிலும் அதன் தலைமேல் கடந்து செல்ல, அடுத்த ஆண்டின் மழையை எதிர்நோக்கிக் கிடக்கும். ஆண்டொன்றுக்கு ஒரு தலைமுறையே.

பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் பூச்சியின் வாழ்க்கையை ஒரு வட்டமாக எழுதி, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு சித்திரங்களைச் சம தூரத்தில் வைத்து அம்புக்குறி இட்டிருப்பார்கள். பார்ப்பதற்கு அழகுதான். ஆயினும் அதைப் பார்த்த பிள்ளை, நான்கு பருவங்களும் சமமான காலமுடையவை என்றே எண்ணும். கம்பளிப் புழுவின் ஆண்டை அவ்வட்டத்தில் நாட்கணக்குப்படி வரைந்தால், முக்கால் பங்குக்கு மேல் கூட்டுப்புழுவே பிடித்துக்கொள்ளும். முட்டைக்குக் கிடைப்பது ஒரு கீற்று. குடியானவனுடைய சமயமோ பெரும்பாலும் அந்தக் கீற்றிலும், அதற்கு முன்னுள்ள விட்டிலின் சில இரவுகளிலும், கோடையில் மண்ணுக்குள் கிடக்கும் நெடுந்தூக்கத்திலுமே இருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நாற்பது நாட்களில் பின்பாதியோ செலவு மிகுந்து பயன் குறைந்த காலம். மயிரடர்ந்து வளர்ந்துவிட்ட புழுவை மருந்தும் எளிதில் வெல்வதில்லை. ஆகையால் பருவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகளே எண்ணிக் குறிக்கும்படி செய்வதுதான் இங்கே முக்கியம்.

அதற்கு ஒரு பழைய மண்பானையே போதும். கோடை உழவின்போது கலப்பையின் பின்னாலோ, வரப்பைக் கொத்தும்போதோ, பழுப்பு நிறமான கூட்டுப்புழுக்கள் அகப்படும். பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, பானையில் அதே கொல்லை மண்ணை நிரப்பி அரையடிக்குள் புதைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டி, மழை நேரே விழும் இடத்தில் வைக்கவேண்டும். பானையின் அடியில் ஒரு துளை இருப்பது அவசியம்; இல்லையேல் நீர் தேங்கிக் கூட்டுப்புழுக்கள் அழுகிவிடும். கொல்லையும் பானையும் ஒரே மழையில் நனைவதால், கொல்லையில் விட்டில் எழும் நாட்களையொட்டிப் பானையிலும் துணிக்கடியில் இறகுகள் படபடப்பதைக் காணலாம். மழை பெய்த நாள், விட்டில் எழுந்த நாள், துணியின்மேலோ உள்ளே செருகிய இலையின்மேலோ முட்டை காணப்பட்ட நாள், முட்டை பொரிந்த நாள் என்று சுவரில் கரிக்கோடு போட்டுவரும் பிள்ளைக்கு வேறு புஸ்தகம் தேவையில்லை. குஞ்சுகள் பொரிந்ததும் பானையை வெந்நீர் ஊற்றி முடித்துவிடுவது பெரியவர்களின் பொறுப்பு. ஆராய்ச்சிக்கென்று வளர்த்த புழு அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டால், அதற்குப்பின் அவ்வூரில் ஆராய்ச்சி என்ற சொல்லே எடுபடாது.

மழையோடு புழு விழுகிறது என்பதையும் பிள்ளைகளே சோதித்துவிடலாம். சலித்த மண்ணை இரண்டு சட்டிகளில் இட்டு, நிலக்கடலையை முளைக்க வைத்து, ஒன்றை மெல்லிய துணியால் முழுவதும் மூடிக் கட்டி, மற்றொன்றைத் திறந்தபடி விட்டு, இரண்டையும் புழு வழக்கமாகத் தோன்றும் கொல்லையோரத்தில் மழைக்கு முன்பே வைத்துவிட வேண்டும். மழை இரண்டின்மேலும் ஒன்றாகவே பெய்யும். விட்டில் தொடக் கூடிய செடியில்தான் முட்டையும் புழுவும் உண்டாகும். இத்தாலி தேசத்து வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி என்பவர் 1668-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஏறக்குறைய இவ்வகையினதே. அழுகிய மாமிசத்தில் புழு தானே பிறக்கிறது என்று அறிஞரும் நம்பியிருந்த அக்காலத்தில், அவர் சில பாத்திரங்களைத் திறந்து வைத்துச் சிலவற்றைத் துணியால் மூடி, ஈ உட்காராத மாமிசத்தில் புழு பிறவாமையைக் காட்டினார். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்துப் பெண்ணான மரியா சிபில்லா மேரியன், 1660-ஆம் ஆண்டில் பதின்மூன்று வயதுச் சிறுமியாயிருந்தபோது பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கி, பிற்காலத்தில் தென்னமெரிக்காவின் சுரினாம் நாடு வரையில் சென்று, பூச்சிகளையும் அவை தின்னும் செடிகளையும் சேர்த்தே சித்திரித்து 1705-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டாள். ஒரு சிறுமி பெட்டியில் புழு வளர்ப்பதைக் கண்டு ‘அருவருப்பு’ என்று கடிந்துகொள்ளும் வீட்டார் இதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு நீண்ட ஆண்டுக்கணக்கு சிறு பிள்ளைகளின் பொறுமைக்கு அடங்காது என்று உபாத்தியாயர்கள் சொல்லக்கூடும். அது நியாயமே. அத்தகையோருக்கு வீட்டுக் கொல்லைப்புறத்து எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலைச் செடியிலும் வரும் வண்ணத்துப்பூச்சி மிகவும் ஏற்றது. ஒரு மாதத்துக்குள் எல்லாப் பருவங்களும் முடிந்துவிடும். இளந்தளிரில் தனித்தனியே இட்ட வெளிறிய மஞ்சள் முட்டை கடுகைவிடச் சற்றுச் சிறிதாயிருக்கும். அதிலிருந்து பிறந்த புழு முதலில் பறவையின் எச்சம் போலவே தோன்றுவதால், செடியைத் தினந்தோறும் பார்ப்பவர்கள்கூட அதைப் புழுவென்று அறியார். பின்பு தோல் உரித்துப் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒருவித நாற்றம் விடும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், தடுக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் புட்டி ஒன்றில் தினம் புதுத் தளிர் இட்டு வளர்த்தால், ஒரு காலையில் புழு ஒரு குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு தொங்கக் காணலாம். கூடு பிளந்து ஈர இறகுடன் வண்ணத்துப்பூச்சி வெளிவரும் காட்சியை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, புழுவும் பூச்சியும் வெவ்வேறு பிராணி என்ற எண்ணம் பிறகு ஒருநாளும் வராது.

இந்த ஓர் அறிவிலிருந்து வேறு பல அறிவுகள் தாமே பிறக்கின்றன. இலைதின்னும் புழுக்கள் சிலவற்றின் உடம்பின்மேல், அரிசிக் குருணை போன்ற சிறு வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருப்பதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். ‘புழு முட்டையிட்டிருக்கிறது’ என்று அதையும் சேர்த்து நசுக்குவது சிலர் வழக்கம். முட்டையிடுவது இறகு முளைத்த பூச்சியே, புழு ஒருபோதும் முட்டையிடாது என்று அறிந்த பிள்ளை, அவை முட்டையாக இருக்க முடியாதென்று தானே கண்டுகொள்ளும். அவை புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதை உண்டு வெளிவந்த சிறு குளவிகளின் கூடுகள். அவற்றை நசுக்குவோர் அடுத்த தலைமுறைப் புழுக்களைக் கொல்லவிருந்த வேலையாட்களையே கொன்றவராவர். பொறிவண்டின் கதையும் இத்தகையது. செம்மேனியில் கரும்புள்ளி கொண்ட வண்டை அழகென்று கையில் ஏந்தும் பிள்ளைகள், அதன் குஞ்சை, கறுத்து நீண்டு சிறு முதலை போன்றிருப்பதால், விகாரமென்று மிதித்துவிடுகிறார்கள். அசுவினியை ஓயாமல் தின்பதில் அக்குஞ்சு தாய்க்குச் சற்றும் இளைத்ததன்று. அவரைக் கொடியில் அசுவினி கண்ட இடத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டினால் போதுமானது.

தென்னை உள்ள ஊர்களில் எருக்குழியைக் கிளறினால், வெளுத்துப் பருத்து வில்லாக வளைந்த புழுக்கள் கிடைக்கும். எருவைத்தானே தின்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சில மாதங்கள் சென்றபின் அதுவே காண்டாமிருக வண்டாகித் தென்னங்குருத்தைக் குடைகிறது. எருவோடு ஒரு புழுவைச் சட்டியிலிட்டுக் காத்திருக்கும் சிறுவன் இவ்விரண்டையும் ஒன்றென்று தன் வீட்டாருக்குக் காட்டிவிடுவான்.

பயிரின் ஜீவிய சரித்திரத்திலும் நிலக்கடலையைவிட வேடிக்கையான பாடம் வேறு இல்லை. விதைத்த 25, 30 நாட்களில் மஞ்சள் பூ காணும். விடியற்காலையில் மலர்ந்த பூ அன்றே வாடிவிடும். சிறுவர்கள் அன்றன்று மலர்ந்த பூவின் அடியில் வண்ண நூல் ஒன்றைக் கட்டித் தேதி குறித்து வரட்டும். ஒரு வாரம் சென்றபின் அவ்விடத்திலிருந்து ஊசி போன்ற விழுது ஒன்று புறப்பட்டுத் தரையை நோக்கி வளரும்; மண்ணுக்குள் புகுந்தபின்தான் அதன் நுனி காயாகப் பருக்கும். ஒரு விழுதின் கீழே மட்டும் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்துவிட்டால், அது மண் எட்டாமல் காயாது வாடும். இதைக் கண்ட பிள்ளையின் தகப்பனாருக்கு, 45-ஆம் நாளுக்குள் மண் அணைத்துவிட்டு, அதற்குப்பின் செடியடியில் களைக்கொட்டுப் போடலாகாதென்று சொல்வதன் காரணமும் விளங்கிவிடும். பூவின் நாட்களையும் புழுவின் நாட்களையும் ஒரே சுவரில் பக்கம் பக்கமாகக் குறித்தால், பூக்கும் காலத்திலும் விழுது இறங்கும் காலத்திலும் இலை இல்லாமற் போவதே விளைச்சலைக் கெடுக்கிறது என்பதும் தெரியவரும்.

சில எச்சரிக்கைகள். கம்பளிப் புழுவின் மயிர் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆகையால் பிள்ளைகள் வெறுங்கையால் தொடலாகாது. குச்சியாலோ இரண்டு தடித்த இலைகளாலோதான் எடுக்கவேண்டும். வரப்புப் பொந்துகளில் கைவிடுதலும், இருட்டில் தனியே கொல்லைக்குச் செல்லுதலும் கூடவே கூடா. விட்டிலைக் கவர விளக்கு வைத்து, அதன்கீழ் அகன்ற தட்டில் நீரூற்றிச் சிறிது மண்ணெண்ணெய் விடுவது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. மறுநாள் காலையில் விழுந்துகிடக்கும் விட்டில்களை எண்ணுவது பிள்ளைகளின் வேலை. ஐந்து பெண் விட்டில் விழுந்திருந்தால் எத்தனை புழு குறைந்தது என்பது நல்ல கணக்குப் பாடம், மூவாயிரத்துக்குக் குறையாது. இதை முகாந்தரமாகக் கொண்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கூலியில்லாத ஆட்களாக நாள்முழுதும் கொல்லையில் நிறுத்திப் புழுப் பொறுக்கச் சொல்வது மிகவும் தவறு. காலையில் அரைமணி நேரம் வரப்போரத்தில் முட்டை தேடுவது விளையாட்டு. அதற்கு மேற்பட்டால் வேலை. வேலைக்குரியவர்கள் நிலத்தை உடையவர்கள்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. இப்புழுவுக்கு எல்லைக்கல் தெரியாது. ஒருவர் முட்டையைப் பொறுக்கி, அடுத்தவர் வாளாவிருந்தால், இருபதாம் நாள் இருவர் கொல்லையும் ஒன்றே. பள்ளிக்கூடத்துப் பானையில் விட்டில் எழுந்த செய்தியை உபாத்தியாயர் அன்றே தெரிவிக்க, அவர்கள் அன்று மாலையே ஊராருக்கு அறிவித்தால், எல்லோரும் ஒரே இரவில் விளக்கு வைக்கலாம். அடுத்த மூன்று நான்கு நாட்கள் முட்டைக் கூட்டங்களை இலையோடு கிள்ளிப் புதைக்கலாம்; பின்னர் ஒரு வாரம் வெளுத்த இலைகளைக் குஞ்சுகளோடு கிள்ளலாம். வரப்பில் எருக்கு, காட்டாமணக்கு இவற்றின் தழைகளை ஆங்காங்கே போட்டு வைத்தால் புழுக்கள் அவற்றில் கூடும். திரட்டி அழிப்பது எளிது. அதுவும் தப்பிப் புழு நடக்கத் தொடங்கிவிட்டால், கொல்லையைச் சுற்றி ஓரடி ஆழத்தில், பத்து அங்குல அகலத்தில், பக்கங்கள் செங்குத்தாக வாய்க்கால் வெட்டித் தடுப்பதைத் தவிர எளிய வழியில்லை. செலவோ முதல் வாரத்து வேலையைப்போல் பன்மடங்கு.

பானை வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கோடை உழவு நடந்து கூட்டுப்புழு அகப்படும் சித்திரை, வைகாசி மாதங்களில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். ஆகையால் விடுமுறைக்கு முன்பே எவ்வீட்டில் பானை இருப்பதென்று உபாத்தியாயர் தீர்மானித்து, அவ்வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உழவின்போது பறவைகள் பின்தொடரும். காகம், மைனா, கொக்கு ஆகிய இவை பொறுக்குவதற்கு முன்பே பிள்ளை பன்னிரண்டைப் பொறுக்கிக்கொண்டு, மீதியைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம். புதைத்த தேதியையும் எண்ணிக்கையையும் பானையின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பால் எழுதி வைக்கவேண்டும். கோடைமழை ஒன்று முன்னதாகவே பலமாகப் பெய்துவிட்டால், பள்ளி திறக்கும்வரை காத்திராமல், அன்றிலிருந்தே மாலைதோறும் துணிக்கடியில் பார்த்துவர வேண்டும்.